சுவரில் ஒட்டியவர் யாரோ, தெருவில் கொட்டியவர் யாரோ: வீட்டுக்காரரின் பொறுப்பு எதுவரை?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சான் பிரான்சிஸ்கோவில் பல வருடம் இருந்துவிட்டு, மேற்கு மாம்பலத்தில் அப்பா கட்டிய பழைய வீட்டைக் கவனிக்கத் திரும்பி வந்திருக்கிறீர்கள். காம்பவுண்டு சுவர் முழுக்க சினிமா போஸ்டர், கண்ணீர் அஞ்சலி, பிறந்தநாள் வாழ்த்து. ஒரு பக்கத்தில் கட்சிக்காரர்கள் வெள்ளையடித்து ‘ரிசர்வ்’ என்று எழுதிவிட்டார்கள். இதற்கு நடுவில் 400 சதுர அடிப் பின்கட்டை இடித்த மேஸ்திரி ரப்பிஷை, அதாவது இடிபாட்டுக் கழிவை, தெருவோரம் குவித்துவிட்டுப் போய்விட, மாநகராட்சியிலிருந்து உங்கள் பெயருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. “சுவரில் ஒட்டியது நானில்லை, தெருவில் கொட்டியதும் நானில்லை. இரண்டுக்கும் நான்தான் அபராதம் கட்ட வேண்டுமா?” என்று கேட்கிறீர்கள்.

ஒரே கேள்வியாகத் தெரிந்தாலும் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, இரண்டையும் சட்டம் நேர் எதிராகப் பார்க்கிறது. சுவர் விஷயத்தில் நீங்கள் பாதிக்கப்பட்டவர். இடிபாடு விஷயத்தில் முதல் பொறுப்பாளியே நீங்கள்தான். நம் ஊரில் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். போஸ்டருக்குப் பயப்படுகிறார்கள், ரப்பிஷைப் பற்றிக் கவலையே படுவதில்லை. நான் உள்ளாட்சிப் பொறியியல் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். இப்போது வீடு கட்டுபவர்களுக்கு ஆலோசனை சொல்கிறேன். வழக்கறிஞர் அல்ல. ஆகவே விதிகள் தரையில் எப்படி நடக்கின்றன என்பதை உறுதியாகச் சொல்வேன். நீதிமன்றத்தில் வாதாடும் அளவுக்கு விஷயம் போனால் வக்கீலைப் பாருங்கள்.

சுவரிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. சான் பிரான்சிஸ்கோவில் யார் கிறுக்கினாலும் அழிக்க வேண்டியது கட்டடத்தின் சொந்தக்காரர். நோட்டீஸ் கிடைத்து 30 நாளுக்குள் அழிக்காவிட்டால் நகர நிர்வாகமே அழித்துவிட்டுச் செலவை அவரிடமே வசூலிக்க முடியும். கிறுக்கல் ஒரு சுவரில் நின்றால் அடுத்த சுவருக்குப் பரவும், சீக்கிரம் அழித்தால்தான் அடங்கும் என்ற எண்ணத்தில் அமெரிக்க நகரங்கள் பலவும் இப்படி விதி வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டின் சட்டம் அந்த வழியில் போகவில்லை. இங்கே இருப்பது 1959-ஆம் ஆண்டின் திறந்தவெளி இடங்கள் (உருக்குலைப்புத் தடுப்பு) சட்டம். அது கேட்பது ஒன்றைத்தான்: சொந்தக்காரரின், அல்லது குடியிருப்பவரின், எழுத்துமூல சம்மதம் இருந்ததா? இல்லாமல் ஒட்டியவரும் எழுதியவரும் குற்றவாளி. சிறை, அபராதம் இரண்டுக்குமே சட்டத்தில் இடம் உண்டு. ‘பொதுமக்கள் பார்வையில் படும் இடம்’ என்பதற்கு அது தரும் விளக்கமும் விரிவானது. தனியார் கட்டடம், சுவர், வேலி, கம்பம், சிலை, மரம் என எல்லாமே அதில் அடங்கும். தெருவில் போகிறவர் கண்ணுக்குத் தெரிந்தால் போதும். ஆக, உங்கள் சுவரில் மற்றவர் ஒட்டிய போஸ்டருக்காக உங்களைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமே அல்ல.

அதனால் நீங்களே கிழிக்கலாமா என்று கேட்டால், தாராளமாகக் கிழிக்கலாம். உங்கள் சுவர், உங்கள் சம்மதம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் கிழிப்பதற்கு முன் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். அதையும் சேர்த்து எடுங்கள். தேர்தல் சுவரொட்டியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. புகார் கொடுக்கும்போது ‘யாரோ ஒட்டினார்கள்’ என்பதற்கும் ‘இன்ன அச்சகத்தில் அடித்த இந்தப் போஸ்டர்’ என்பதற்கும் காவல் நிலையத்தில் கிடைக்கிற கவனிப்பே வேறு. புகாரை எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு போஸ்டருக்கும் ஸ்டேஷனுக்குப் போக முடியாதுதான். திரும்பத் திரும்ப ஒரே ஆள் ஒட்டினால் மட்டும் போங்கள்.

கட்சி ‘ரிசர்வ்’ விவகாரம்தான் எல்லோரையும் தயங்க வைக்கிறது. ஒன்று மட்டும் நிச்சயம்: அந்த எழுத்துக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் கிடையாது. உங்கள் சுவரை உங்களைக் கேட்காமல் யாரும் பிடித்து வைக்க முடியாது. தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் உங்கள் பக்கம் இன்னும் பலமாகிவிடும். அறிவிப்பிலிருந்து அரசுக் கட்டடங்களில் 24 மணி நேரம், மற்ற பொது இடங்களில் 48 மணி நேரம், தனியார் சுவர்களில் 72 மணி நேரம் என்று அனுமதியில்லாத விளம்பரங்களை அகற்றத் தேர்தல் ஆணையம் கெடு வைத்திருக்கிறது. அதோடு தமிழ்நாட்டில் தேர்தல் சமயத்தில் நகர்ப்புறங்களில் சொந்தக்காரர் சம்மதித்தாலும் சுவர் விளம்பரம் கூடாது. கிராமப்புறத்தில்தான் சம்மதத்தோடு அனுமதி. ஆகவே தேர்தல் நெருங்கும் சமயமாக இருந்தால், நீங்கள் தூரிகையும் பெயிண்டுமாகத் தெருவில் நின்று பகுதிக் கட்சிக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. புகார் கொடுத்தால் தேர்தல் அலுவலர்களின் ஆட்களே வந்து வெள்ளையடிப்பார்கள். மற்ற நாட்களில் நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான். முதலில் அந்த வட்டச் செயலாளரிடம் நேரில் போய், “அண்ணே, வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறோம், இனி எழுத வேண்டாம்” என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும். சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே பேசலாம். அதை நீட்டிக்கொண்டு போய்ப் பேச ஆரம்பித்தால்தான் வம்பு.

போஸ்டர் தொல்லையை நிஜமாகவே குறைப்பது சுவரின் மேற்பரப்பு. ஒட்டுகிறவர்கள் மைதாப் பசையைத் தடவி இழுத்துக்கொண்டே போகிறவர்கள். வழவழப்பான பூச்சுச் சுவர்தான் அவர்களுக்கு வசதி. சிறு ஜல்லி கலந்து கரடுமுரடாகப் பூசிவிட்டால் தாள் சரியாகப் பிடிக்காது, பாதி உரிந்து தொங்கும், அடுத்த முறை வேறு சுவரைப் பார்ப்பார்கள். பூச்சு மாற்ற மனமில்லையென்றால் செடிக்கொடி ஏற்றுங்கள், அல்லது ஓவியம் வரையுங்கள். ஓவியம் வேலை செய்வதைச் சென்னையே காட்டியிருக்கிறது. அண்ணா சாலையிலும் காமராஜர் சாலையிலும் போஸ்டருக்குத் தடை போட்ட காலத்தில் மாநகராட்சி அங்கிருந்த சுவர்களில் தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளை வரைய வைத்தது. கண்ணகி நகரில் 2020 வாக்கில் குடியிருப்புகளின் பக்கச் சுவர்கள் முழுக்க வரைந்த பெரிய ஓவியங்களை இன்றும் போய்ப் பார்க்கலாம். ஏற்கெனவே ஒட்டியிருப்பதை எடுக்க, தண்ணீரைப் பீய்ச்சி அரை மணி நேரம் ஊறவிட்டுத் தகட்டுக் கரண்டியால் சுரண்டுங்கள். காய்ந்த தாளைப் பிய்த்தால் பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும். மேலேயே வெள்ளையடிப்பதும் வீண்; அடுத்த மழையில் தாளோடு உரியும்.

சுவரில் நீங்களே சிக்கிக்கொள்ளக்கூடிய இடம் ஒன்று உண்டு. யாராவது வந்து, “சார், மொட்டை மாடியில் ஒரு போர்டு வைத்துக்கொள்கிறோம், மாதாமாதம் வாடகை தருகிறோம்” என்பார்கள். சரி என்று சொன்ன நிமிடமே நீங்கள் பாதிக்கப்பட்டவர் என்ற இடத்திலிருந்து விலகிவிடுகிறீர்கள். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம் பொறியாளர் உயிரிழந்ததும், 2023 ஜூனில் கோவைக்கு அருகே கருமத்தம்பட்டியில் விளம்பரப் பலகைச் சாரம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்ததும் நினைவிருக்கும். கருமத்தம்பட்டி விபத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் பலகை வைத்தால் வைத்த நிறுவனத்தோடு நிலத்தின் சொந்தக்காரரும் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 25,000 ரூபாய் அபராதத்துக்கு உள்ளாவார் என்று அரசு அறிவித்தது. அந்த வாடகையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது உங்களுக்கு நிஜமான சிக்கல் இருக்கும் இடத்துக்கு வருகிறேன்: ரப்பிஷ். 2016 மார்ச் 29 அன்று மத்திய அரசு அறிவித்த கட்டுமானம் மற்றும் இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவை உண்டாக்குகிறவரைத்தான் முதன்மைப் பொறுப்பாளியாக வைத்தன. கட்டுவதையோ இடிப்பதையோ மேற்கொள்கிற எவரும் அந்த வரையறைக்குள் வருவார். பெரிய பில்டருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். குளியலறை டைல்ஸை மாற்றுகிறவரும் அதில் அடக்கம். அவர் செய்ய வேண்டியவை: கழிவைத் தன் வளாகத்துக்குள்ளேயே வைக்க வேண்டும், கான்கிரீட், மண் போன்றவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும், சாலையிலோ வடிகாலிலோ போய் விழாமல், போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மாநகராட்சி காட்டுகிற இடத்தில் சேர்த்து, உரிய கட்டணத்தைக் கட்ட வேண்டும். மேஸ்திரி கொட்டினார் என்பது உங்களுக்கும் மேஸ்திரிக்கும் இடையிலான கணக்கு. மாநகராட்சி தேடி வருவது சொத்துக்காரரையும் வேலையை நடத்துகிறவரையும்தான். ஆகவே உங்கள் பெயருக்கு நோட்டீஸ் வந்தது தவறு என்று வாதாடுவதில் பயனில்லை.

அளவை வைத்து யோசித்தால் இந்த விதி ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பது புரியும். பழைய கட்டடத்தை இடித்தால் ஒரு சதுர மீட்டருக்கு 300 முதல் 500 கிலோ கழிவு வரும் என்பது இந்தியாவில் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. உங்கள் 400 சதுர அடிப் பின்கட்டு சுமார் 37 சதுர மீட்டர். அதாவது 11 டன்னிலிருந்து 18 டன் வரை. நம் ஊர்க் கணக்கில் நூறு கன அடி ஒரு யூனிட். உடைந்த செங்கல், காரை ஒரு யூனிட் ஏறத்தாழ மூன்றரை டன் எடை நிற்கும். ஆக, தெருவில் கிடப்பது மூன்று முதல் ஐந்து யூனிட். குட்டியானையில் ஏற்றினால் நடை எண்ணி மாளாது, டிப்பர்தான் வேண்டும். அடுத்த வருடம் முன்பக்க 1,200 சதுர அடியையும் இடிக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அது 33 முதல் 55 டன். இங்கேதான் பலர் கவனிக்காத வரி ஒன்று வருகிறது. ஒரே நாளில் 20 டன்னோ அதற்கு மேலோ, அல்லது ஒரு மாதத்தில் ஒரு வேலைக்கு 300 டன்னோ கழிவு உண்டாக்கினால் 2016 விதிகளின்படி நீங்கள் பெரிய அளவில் கழிவு உண்டாக்குகிறவர். ஜே.சி.பி. வைத்து இரண்டே நாளில் சாய்த்தால் ஒரு சாதாரண வீட்டுக்காரரும் அந்த வரம்பைத் தாண்டிவிடக்கூடும். அப்போது கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-காரை என நான்காகப் பிரிக்க வேண்டும். வேலை தொடங்குமுன் கழிவை என்ன செய்யப்போகிறீர்கள் என்ற திட்டத்தையும் மாநகராட்சியிடம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். இடிப்பதற்கான அனுமதியோடு சேர்த்தே இதையும் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். இந்த 2016 விதிகளுக்குப் பதிலாக 2025-இல் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன, அவற்றின் அமல் தேதி 2026 ஏப்ரல் 1. ஆகவே மேலே சொன்ன வரம்புகளை இடிக்குமுன் மாநகராட்சியில் ஒரு முறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். புதிய விதிகளில் வரும் உற்பத்தியாளர் பொறுப்பு முறை, அதாவது கழிவின் மறுசுழற்சிக்குக் கட்டுகிறவரையே பொறுப்பாக்குகிற முறை, 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானங்களுக்கானது. அது உங்கள் வீட்டைத் தொடாது.

மேஸ்திரி ஏன் தெருவில் விட்டுப் போனார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும், அப்போதுதான் அடுத்த முறை தடுக்க முடியும். பழைய வீட்டை இடிக்கிறவர் தேக்குக் கதவு, ஜன்னல், உத்திரம், கம்பி, முழுச் செங்கல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, சில சமயம் உங்களுக்கே காசு கொடுத்துவிட்டுப் போவார். அவருக்கு லாபம் அதில் இருக்கிறது. உடைந்த காரைக்கும் சுண்ணாம்பு மண்ணுக்கும் விலை இல்லை. அதை அப்புறப்படுத்த லாரி வாடகையும் கட்டணமும் கையிலிருந்து போகும். அதனால்தான் அது உங்கள் வாசலிலேயே நிற்கும், இல்லாவிட்டால் இரவோடு இரவாகக் கால்வாய்க் கரையிலோ பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்திலோ போய் விழும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சதுப்பு நிலம் அது. தென்சென்னையின் வெள்ளம் வடிகிற இடத்தை லாரி லாரியாகத் தூர்த்துவிட்டு, ஐப்பசி மழையில் தெருவில் தண்ணீர் நிற்கிறதே என்று நாமே வருந்துகிறோம். இதைச் சொல்லும்போது எனக்கு வேதனையாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அந்த ஒவ்வொரு லாரிக்கும் பின்னால் ஒரு வீட்டுக்காரர் இருக்கிறார், பெரும்பாலும் அவருக்குத் தெரியாமலேயே.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் இதைத் தடுத்துவிடலாம். கடைசித் தவணையாக ஒரு கணிசமான தொகையை நிறுத்தி வையுங்கள். ரப்பிஷ் உரிய இடத்தில் இறங்கியதற்கான எடைச்சீட்டோ ரசீதோ கொண்டுவந்தால்தான் அந்தப் பணம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். சென்னை மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவைப் பதப்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன. உங்களுக்குப் பெருங்குடி பக்கம். அங்கே உடைத்துச் சலித்து மணலாகவும் ஜல்லியாகவும் பிரித்து, நடைபாதைக் கற்கள் போன்றவற்றுக்குப் பயன்படுத்துகிறார்கள். சிறிய அளவு என்றால் மண்டலத்துக்குள்ளேயே சேர்ப்பதற்கான இடத்தைக் காட்டுவார்கள். 1913-க்குப் போன் செய்தோ வார்டு அலுவலகத்திலோ கேளுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு இருந்தால் அதை உடைக்க விடாதீர்கள். முழுசாக இறக்கி, நனைத்து, தனியாக வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், இடிக்கிற தொழிலாளிகள்தான் முதலில் அதைச் சுவாசிக்கிறார்கள்.

எனக்கு உறுதியானதையும் அல்லாததையும் பிரித்துவிடுகிறேன். பொறுப்பு யாருடையது, சம்மதம் எழுத்தில் வேண்டும், கழிவு வளாகத்துக்குள் இருக்க வேண்டும் என்பவற்றில் சந்தேகமே இல்லை. அபராதத் தொகையை மட்டும் என்னைக் கேட்காதீர்கள். மாநகராட்சி மன்றத் தீர்மானத்தில் அது அவ்வப்போது மாறுகிறது, உங்கள் நோட்டீஸில் இருக்கும் தொகைதான் கணக்கு. விளம்பரமே இல்லாத வெறும் கிறுக்கல், அதாவது காதலர் பெயர், இதயப் படம் போன்றவை, 1959 சட்டத்துக்குள் வருமா என்பது வாதத்துக்கு உரியது. ‘விளம்பரம்’ என்பதற்கான விளக்கத்தில் சொற்களும் குறிகளும் அடங்குவதால் வரும் என்பது என் வாசிப்பு. அப்படி வராவிட்டாலும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், சொத்துக்குச் சேதம் விளைவித்ததற்கான 324-ஆவது பிரிவு இருக்கிறது.

கடைசியாக, கையில் இருக்கும் நோட்டீஸ். கெடு முடியும் வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே குவியலைப் போட்டோ எடுங்கள். டிப்பர் பிடித்து அகற்றி, ரசீது வாங்கி, காலியான தெருவையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வார்டு உதவிப் பொறியாளருக்கு ஒரு பக்கக் கடிதம்: நோட்டீஸ் எண், அகற்றிய தேதி, எங்கே கொண்டுபோய் இறக்கியது, ரசீது நகல், இரண்டு போட்டோ. மேஸ்திரி மேல் பழி போடுகிற பத்தி வேண்டாம், அது அவர்களுக்குத் தேவையில்லை. கடிதத்தை நேரில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரை வாங்குங்கள். சீக்கிரம் அகற்றியவரிடம் பெரும்பாலும் விஷயம் அத்தோடு முடிகிறது. அபராதம் ஏற்கெனவே போட்டிருந்தால் கட்டிவிட்டு, லாரிச் செலவோடு சேர்த்து மேஸ்திரிக்குத் தர வேண்டிய பாக்கியில் கழித்துக்கொள்ளுங்கள். பாக்கி எதுவும் இல்லை, முழுப் பணமும் கொடுத்தாகிவிட்டது என்றால் அவருக்கு எழுத்தில் ஒரு கடிதம் அனுப்பிக் கேளுங்கள். தெருவில் மணல், ஜல்லி, செங்கல் ஏதாவது இன்னும் குவிந்திருந்தால் அதையும் இதே சமயத்தில் காம்பவுண்டுக்குள் எடுத்துவிடுங்கள், அதற்கென்று இன்னொரு நோட்டீஸ் வர வேண்டாம்.